இரண்டு மடக்குக் கத்திகளும் ஒரு ரயில் பயணமும்

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். ஆனால் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இந்தப் பழமொழி பாதிதான் பொருந்தும். பால்மரத்துக்கு ஒரு கத்தி, இளம் செம்பனைக்கு உளி, உயர்ந்து வளர்ந்த செம்பனைக்கு நீண்ட கம்பில் மாட்டிய அரிவாள், தேங்காய்க்குப் பாராங் என்று வேலைக்கு வேலை நமக்கு ஆயுதம் வேறு. பால்மரப் பட்டையில் மயிரிழை ஆழம் கூடினாலும் மரம் காயப்பட்டுவிடும் என்பதைப் பள்ளிக்கூடம் போகாத நம் பாட்டிமார்கள் கூட அறிந்திருந்தார்கள் அல்லவா?

அப்படிப்பட்ட நம்மிடம் யாராவது இரண்டு கத்திகளைக் காட்டி, "இதில் எது நல்லது?" என்று கேட்டால் நாம் உடனே பதில் சொல்லிவிடக் கூடாது. யார் கைக்கு, எந்த வேலைக்கு, எந்த ஊருக்கு என்று மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்க வேண்டும். முதல் இரண்டும் நமக்குப் பழகியவை. மூன்றாவது கேள்வியை நாம் இப்போதுதான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பயணக் கட்டுரை.

எங்கள் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் செம்பனைக் குலை வெட்டிய பெரியவர் ஒருவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். கிள்ளானில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் மகளோடு போய்த் தங்குவதென்று முடிவாயிற்று. தோட்டத்து மக்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, அவருக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கும்படி என்னிடம் ஒப்படைத்தார்கள். கைக்கடிகாரம் வாங்கலாமா என்று அவரையே கேட்டேன்.

"கடிகாரம் வேணாம் வாத்தியாரே. அரிவாளை ஒப்படைச்சதிலிருந்து கை வெறுமையா இருக்கு. ஒரு நல்ல மடக்குக் கத்தியா வாங்கிக் கொடுங்க" என்றார்.

இளைஞர்கள் கைப்பேசியில் தேடி இரண்டு பெரிய மடக்குக் கத்திகளின் படங்களை எடுத்துக் கொடுத்தார்கள். ஒன்று பிரான்சு நாட்டு ஓப்பினெல், மற்றொன்று சுவிட்சர்லாந்து நாட்டு விக்டோரினோக்ஸ். படத்தைப் பார்த்துக் கத்தி வாங்க முடியுமா? பள்ளி விடுமுறையில் பெரியவரையும் அழைத்துக்கொண்டு கோலாலம்பூருக்குப் புறப்பட்டேன்.

முதலில் இறங்கியது பிரிக்பீல்ட்ஸ். 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் மரவீடுகளையும் அத்தாப்புக் கூரைகளையும் அழித்துவிட்டன. அதன்பின் நகரைச் செங்கல்லால் கட்ட வேண்டிவந்தபோது செங்கல் அறுத்துச் சூளை போட்ட இடம் இது. பெயரும் அப்படியே நின்றுவிட்டது. பிறகு ரயில்வேயில் வேலை செய்த தமிழர்கள் குடும்பம் குடும்பமாக இங்கே வாழ்ந்தார்கள். 2001இல் கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையம் வந்தது. 2010இல் இந்தப் பகுதிக்கு லிட்டில் இந்தியா என்ற பெயரும் சூட்டினார்கள்.

இதன் நடுவே ஓடும் சாலை துன் சம்பந்தன் பெயரைத் தாங்கியிருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், தொழிலாளியும் நிலத்தில் பங்குதாரனாக வேண்டும் என்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். பெரியவர் பெயர்ப்பலகையின் கீழே சற்று நேரம் நின்றார். "எங்கப்பா அதுல ஒரு பங்கு வச்சிருந்தாரு" என்றார். மல்லிகைச் சரமும் மசாலா வாசனையும் நிறைந்த அந்தச் சாலையில் வாழையிலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, முகாமிடுவோருக்கான சாமான்கள் விற்கும் ஒரு கடைக்குப் போனோம்.

கடைக்காரப் பையன் இரண்டு கத்திகளையும் கண்ணாடி மேசைமேல் வைத்தான். பெரியவர் கையில் வாங்காமல், அவன் கீழே வைக்கும்வரை காத்திருந்து பிறகு எடுத்தார். கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது என்பது நம் வீட்டு வழக்கம்தானே!

முதலில் ஓப்பினெல்லைப் பார்ப்போம். 1890இல் பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஓப்பினெல் என்பவர் குடியானவர்களுக்காகச் செய்யத் தொடங்கிய கத்தி இது. பீச் மரத்தில் ஒரு பிடி, ஒரே ஒரு அலகு, அவ்வளவுதான். அளவுக்கு ஏற்ப எண் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் பார்த்தது பத்தாம் எண். அலகு 10 சென்டிமீட்டர் நீளம். மடக்கினால் ஒரு சாண் கூட இல்லை. பிடியின் கழுத்தில் ஓர் உலோக வளையம் இருக்கிறது. கத்தியை விரித்து வளையத்தைத் திருகினால் அலகு அசையாது. வேலையின் நடுவே விரல்மேல் மடங்கிவிடும் என்ற பயம் இல்லை. இந்த வளையம் 1955இல் சேர்க்கப்பட்டது. 2000ஆம் ஆண்டிலிருந்து மடக்கிய நிலையிலும் அதைப் பூட்டி வைக்கலாம்.

மற்றது விக்டோரினோக்ஸ். 1884இல் சுவிட்சர்லாந்தின் ஈபாக் என்னும் ஊரில் கார்ல் எல்செனர் தொடங்கிய பட்டறையிலிருந்து வந்தது. 1891இல் அந்நாட்டு இராணுவத்துக்குக் கத்தி கொடுத்தார்கள். தாயார் விக்டோரியா மறைந்தபின் அவர் பெயரையே தம் கத்திக்கு வைத்தார் எல்செனர். 1921இல் துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இனோக்ஸ்' என்ற சொல்லும் அதோடு சேர்ந்துகொண்டது. நாங்கள் பார்த்தது பெரிய வகை. மடக்கினால் 11 சென்டிமீட்டர். பூட்டிக்கொள்ளும் ஒரு பெரிய அலகு, மரம் அறுக்கும் சிறு வாள், டின் திறப்பான், திருப்புளி, துளையிடும் ஊசி எல்லாம் ஒரே பிடிக்குள் அடங்கியிருந்தன. விலை மட்டும் ஓப்பினெல்லைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்!

பணத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம், கையைப் பற்றி யோசியுங்கள் என்றேன். முப்பது ஆண்டுகள் நீண்ட கம்பை அண்ணாந்து பிடித்து இழுத்த விரல்கள் அவை. காலையில் மடக்கினால் நிமிர்த்த நேரமாகும். விக்டோரினோக்ஸின் முதுகில் எஃகுச் சுருள் விசை போன்ற ஒரு பட்டை இருப்பதால் அலகை நகத்தால் இழுக்கக் கொஞ்சம் பலம் வேண்டியிருந்தது. பெரியவர் இரண்டு முறை முயன்று மூன்றாம் முறை திறந்தார். ஓப்பினெல்லில் விசை கிடையாது. மரப்பிடியின் இறுக்கம் மட்டுமே அலகைப் பிடித்திருக்கிறது. அது சுலபமாக வந்தது.

"இதுதான் கைக்கு அடக்கமா இருக்கு" என்றார்.

"அவசரப்படாதீங்க ஐயா. இது மரம். நம்ம ஊரு மழையில உப்பிக்கும்" என்றேன்.

இது நான் கற்பனையாகச் சொன்னதல்ல. ஈரம் பட்டால் பீச் மரம் உப்பி, அலகு பிடிக்குள் சிக்கிக்கொள்ளும் என்பது இந்தக் கத்தியின் பெயர்போன குணம். அதற்கு சவாய் மக்களே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வளையத்தின் பூட்டைத் திறந்துவிட்டு, பிடியின் அடிப்பாகத்தை மேசைமேல் ஒரு தட்டுத் தட்டினால் அலகின் நுனிப்பக்கம் கொஞ்சம் வெளியே வரும். பிறகு விரலால் திறக்கலாம். தண்ணீரில் ஊறவைக்காமல் துடைத்து வைத்தால் இந்தத் தொல்லையும் குறையும். விக்டோரினோக்ஸின் பிளாஸ்டிக் வகைப் பிடிக்கு இந்தக் கவலையே இல்லை.

துரு இன்னொரு சங்கதி. ஓப்பினெல்லில் கரிம எஃகு, துருப்பிடிக்காத எஃகு என இரண்டு வகை உண்டு. கரிம எஃகைக் கல்லில் தீட்டுவது எளிது. ஆனால் மாங்காய், எலுமிச்சை, புளி பட்டால் கறுத்துப்போகும். ஈரத்தில் விட்டால் துரு ஏறும். அரிவாளைத் தினமும் தீட்டி எண்ணெய் தடவிப் பழகியவருக்கு அது பெரிதல்ல. ஆயினும் அந்த வீட்டில் மகளும் கத்தியை எடுப்பாளே! அதனால் 'இனோக்ஸ்' என்று பொறித்த வகையையே கேட்டோம்.

இப்போது வேலை. "கிள்ளான் வீட்டுல என்ன வெட்டப் போறீங்க?" என்று கேட்டேன். பெரியவர் விரல்விட்டு எண்ணினார்: மாம்பழம், பப்பாளி, தூண்டில் கயிறு, தொட்டியில் வைக்கும் கறிவேப்பிலை, பேரன் கேட்டால் ஒரு மூங்கில் விசில். மரம் அறுக்கும் வேலை அங்கே இல்லை. டின் திறப்பான் மகள் வீட்டில் இருக்கிறது. நான்கு வயதுப் பேரன் இருக்கும் வீட்டில், மடக்கிய நிலையிலும் பூட்டிக்கொள்ளும் வளையம் கூடுதல் நன்மை. ஓப்பினெல்தான் என்று முடிவாயிற்று. மோட்டார் சைக்கிளும் கருவிப்பெட்டியுமாகத் தோட்டத்தில் ஓடும் ஓர் இளைஞருக்கு வாங்குவதாக இருந்தால் மற்றதைத்தான் சொல்லியிருப்பேன்.

பணம் கொடுத்ததும் பெரியவர் கத்தியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளப் போனார். கடைக்காரப் பையன் தடுத்தான். "அங்கிள், பெட்டியிலேயே இருக்கட்டும். ரசீதும் கூடவே வைங்க" என்று பெட்டியை ஒட்டி, பையில் போட்டுக் கொடுத்தான். பெரியவருக்குச் சுருக்கென்றது. "இத்தனை வருஷம் மோட்டார் சைக்கிள்ல அரிவாள் கட்டிட்டுப் போனேன். ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லையே?" என்றார்.

வாசகர்களே, இங்கேதான் மூன்றாவது கேள்வி வருகிறது. நம் நாட்டில் அரிக்கும் பொருள்கள், வெடிபொருள்கள், தாக்கும் ஆயுதங்கள் பற்றிய 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. சட்டத்துக்கு உட்பட்ட காரணம் இல்லாமல் பொது இடத்தில் தாக்கும் ஆயுதம் வைத்திருந்தால் ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் பத்து ஆண்டுவரை சிறை. அதோடு பிரம்படியும் உண்டு. தோட்டத்தில் அரிவாள் எதற்கு என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காலைப் பிரட்டுக்குப் போகிறவன் கையில் அது கருவி. அதே ஆளின் கால்சட்டைப் பையில், இரவு பத்து மணிக்கு, பட்டணத்து நடைபாதையில் பூட்டிக்கொள்ளும் கத்தி இருந்தால், "எதற்கு?" என்று போலீஸ்காரர் கேட்பார். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் நம்மிடம் இருக்க வேண்டும். பித்தானை அழுத்தினால் தானே பாயும் கத்தி இருக்கிறதே, அதை எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீர்கள்; சட்டம் அதைத் தனியாகவே குறிப்பிட்டுத் தடுத்திருக்கிறது.

பெட்டியும் ரசீதுமாகக் கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினோம். கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரைக்கும் இடையே 1886இல் போட்ட பழம்பாதை வழியில்தான் இந்த ரயிலும் போகிறது. பெட்டாலிங், சுபாங் ஜெயா தாண்டி ஷா ஆலாம் வந்தது. 1978இல் சிலாங்கூரின் தலைநகரான இந்த ஊர், ஒரு காலத்தில் பால்மரமும் செம்பனையும் நின்ற சுங்கை ரெங்கம் தோட்ட நிலம். சன்னல் வழியே உயர்ந்த கட்டடங்களைப் பார்த்தபடி பெரியவர், "இங்கேயும் ஒருத்தன் அரிவாளோட நடந்திருப்பான்" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

கிள்ளானில் இறங்கி, தெங்கு கிளானா சாலையின் பூக்கடைகளையும் பலகாரக் கடைகளையும் கடந்து நடந்தோம். நேரம் இருப்பவர்கள் ஆற்றின்மேல் இருக்கும் கோத்தா பாலத்தையும் பார்த்து வரலாம். 1961இல் திறந்த ஈரடுக்குப் பாலம் அது. மேலே வண்டிகளுக்கும் கீழே நடப்போருக்கும் சைக்கிளுக்கும் என்று வழியைப் பிரித்துக் கட்டியிருக்கிறார்கள். எதற்கு எந்த இடம் என்று கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மகள் வீட்டில் பெட்டியைப் பிரித்து, ஒரு மாம்பழத்தைத் தோல் அறாமல் ஒரே சுருளாகச் சீவினார் பெரியவர். பேரன் கைகொட்டிச் சிரித்தான். பிறகு கத்தியைத் துடைத்து, வளையத்தைத் திருகி, சுவாமி படத்துக்குப் பக்கத்தில் உயரமான தட்டில் வைத்தார். "தூண்டிலுக்குப் போகும்போது தூண்டில் பையோட போகும். மத்த நாளெல்லாம் இங்கேயே இருக்கட்டும்" என்று அவரே சொன்னார்.

தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குக் குடிபெயரும் குடும்பங்கள் இன்று பல. கட்டில், பீரோ, அம்மி என்று எல்லாவற்றையும் ஏற்றும்போது கத்தி, அரிவாள், பாராங் ஆகியவற்றைத் தனியே சாக்கில் சுற்றிக் கட்டி, சாமான்களோடு ஏற்றுங்கள். இடுப்பிலோ பையிலோ செருகிக்கொள்ள வேண்டாம். தாய்மார்களே, கோயில் திருவிழாவுக்கோ ஊர்வலத்துக்கோ பிள்ளைகள் புறப்படும்போது பணம் எடுத்துக்கொண்டாயா என்று கேட்பதுபோல், பையில் கத்தி இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு அனுப்புங்கள். திரும்பி வந்ததும் மாம்பழம் நறுக்க அது அங்கேயேதான் இருக்கும்.