கழுத்தில் தைத்த லேபிள்

அடேயப்பா, என்ன வெயில்! சித்திரையில் திருப்பூர் ரயிலடியில் இறங்கியதும் அனல் முகத்தில் அறைந்தது. நான் குடியிருக்கும் வேல்ஸ் நாட்டு அபெரிஸ்ட்வித்தில் இந்த மாதமும் கம்பளிச் சட்டையைக் கழற்ற முடியாது. அங்கே ஈரப்புல் வாசம். இங்கே புதுத்துணியும் சாயமும் இஸ்திரி ஆவியும் கலந்த வாசம். தெருவெல்லாம் ஓவர்லாக் இரைச்சல்!

"வாங்க கண்ணு, நெழலுக்கு வாங்க" என்றார் பனியன் கம்பெனியில் லேபிள் தைத்துக்கொண்டிருந்த அம்மா. "இது இல்லாட்டி யாரு சரக்குன்னே தெரியாதுங்க." அந்தச் சொல் நாள் முழுக்கக் கூடவே வந்தது.

மதியம் நொய்யல் கரையில் கொடுமணல். 1985 முதல் இங்கே தோண்டியதில் பச்சைக்கல் மணிகள், இரும்பு உருக்கிய உலைகள், சுடுமண் தக்களிகள்! அப்போதே நூல் நூற்ற மண்ணா இது என்று மலைத்து நின்றேன். 'கொடுமணம்' என்று கபிலர் பதிற்றுப்பத்தில் பாடியது இந்த ஊரைத்தான் என்கிறார்கள். அவர் பாடிய சேரன் செல்வக்கடுங்கோ வாழியாதன். பத்துப் பாட்டுக்கும் கடைசியில் பதிகம் ஒன்று நிற்கிறது: அரசன் யார் மகன், என்ன செய்தான், புலவருக்கு என்ன தந்தான் என்று. நூறாயிரம் காணமும், குன்றேறிக் கண்ணில் பட்ட நாடும் கபிலருக்குப் பரிசு. அரசன் ஆண்டது 25 ஆண்டு. பாட்டின் கழுத்தில் பின்னால் வந்தவர் தைத்த லேபிள்!

வேல்ஸில் பாட்டும் வரலாறும் எதிரெதிரே நிற்கின்றன. தூய தாவீதின் மடத்துத் துறவி ஆஸர், ஆங்கிலேய அரசன் ஆல்ஃபிரட்டின் வாழ்க்கையை 893இல் லத்தீனில் போற்றி எழுதினார். அடுத்த நூற்றாண்டின் 'ஆர்மெஸ் பிரிதைன்' என்னும் வேல்ஸ் பாட்டோ, அதே தாவீதின் கொடியின் கீழ் ஆங்கிலேயரை விரட்டக் கூப்பிடுகிறது. இங்கே பாட்டும் வரலாறும் ஒரே துணியில்!

சாயங்காலம் புகளூர் ஆறுநாட்டார்மலை. வெயில் குடித்த பாறை இன்னும் சுட்டது. குகையில் தமிழி எழுத்துகள்: ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ. பேரன் இளவரசனானபோது சமணத் துறவிக்கு வெட்டிக் கொடுத்த கல் இருப்பிடம். அந்த ஆதனே கபிலரின் வாழியாதன் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஏட்டில் இருந்த பெயரைக் கல்லில் தொட்டபோது கண் நிறைந்துவிட்டது. யாரு சரக்கு என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை.