அடுப்பைப் பற்றி நான் கேட்கவில்லை

இரத்தினபுரி மாவட்டத்து இறப்பர்த் தோட்டம் ஒன்றின் டிஸ்பென்சரியில் என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி போயிற்று. சனங்கள் என்னை ‘டொக்டர் ஐயா’ என்பார்கள். நான் டொக்டர் அல்ல, தோட்ட மருத்துவ உதவியாளர். ஆனாலும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாருக்கு இருமல் வந்தாலும் முதலில் என் மேசைக்குத்தான் வருவார்கள். அந்த மேசையில் இருந்துகொண்டு நான் செய்த தவறைத்தான் எழுதுகிறேன். எழுதும்படி யாரும் சொல்லவில்லை. பென்ஷன் எடுத்து வீட்டில் இருக்கும்போது மனம் கேட்கவில்லை.

இருமலோடு வந்த பெண்களிடம் நான் என்னென்ன கேட்பேன் என்பது அப்படியே நினைவிருக்கிறது. எத்தனை நாளாய் இருமல், சளியில் இரத்தம் வருகிறதா, இராக்காய்ச்சல் உண்டா, வீட்டில் யாருக்காவது டீபீ இருந்ததா, புருஷன் பீடி குடிக்கிறாரா, நீ வெற்றிலையோடு புகையிலை போடுகிறாயா. ‘எங்கே சமைக்கிறாய், என்ன விறகு, புகை எந்த வழியாய்ப் போகிறது’ என்று கேட்டதில்லை. பதிவேட்டில் ‘ஆஸ்துமா’ என்றோ ‘பிரொங்கைட்டிஸ்’ என்றோ எழுதுவேன். சல்பியூட்டமோல் மாத்திரையும் இருமல் மருந்தும் கொடுத்து அனுப்புவேன். அடுத்த மழைக்கு அதே முகங்கள் வரும். மருந்தை ஒழுங்காய்க் குடிப்பதில்லை என்று அவர்களையே ஏசுவேன்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. சளி பிடித்த கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய்மாரிடம் நானாகவே ஒன்று சொல்லி அனுப்புவேன்: “குளிர் காத்து படாம பாத்துக்கம்மா. கதவ சாத்தி வை. அடுப்படியிலயே வச்சுக்க, சூடா இருக்கும்.” என் சொல்லைத் தட்டாதவர்கள் அவர்கள், சொன்னபடி செய்தார்கள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்த பிள்ளைகளை வீட்டிலேயே ஆகக் கெட்ட காற்று நிற்கும் மூலைக்கு அனுப்பியவன் நான். அவர்களில் சிலரைப் பிறகு நிமோனியாவுடன் டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டி வந்தது. இன்ன பிள்ளைக்குப் புகையால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. புகையால் வரவில்லை என்று சொல்லவும் முடியாது. இரண்டையும் அறிய வழியில்லாமல் போனதற்கு நான் கேட்காததுதான் காரணம்.

லயக் காம்பராவைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி, ஒரே அறை. இரட்டை லயம் என்றால் பின்சுவர் அடுத்த குடும்பத்துக்கும் பின்சுவர்தான், அந்தப் பக்கம் ஜன்னல் வைக்க வழியே இல்லை. முன்னால் இஸ்தோப்பு என்ற திண்ணை. அதில் பாதியைத் தகரத்தால் மறைத்து அடுப்பு போட்டிருப்பார்கள். இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, விறகு காய நேரமேது? ஈர இறப்பர் விறகையும் மிலாறையும் அடுப்புக்கு மேலே பரணில் அடுக்கி, பக்கத்துக் கொடியில் பிள்ளைகளின் பள்ளிச் சட்டையைக் காயப் போடுவார்கள். விடியற்காலை நாலரைக்கு அடுப்பு மூட்டினால்தான் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்கு நேரத்துக்குப் போகலாம். விறகு பற்றாதபோது ஒரு சொப்பிங் பேக்கையோ தேய்ந்த செருப்புத் துண்டையோ வைத்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவார்கள். பிறகு ஊதாங்குழல். குனிந்து ஊதுகிறவள் அடுத்த மூச்சை இழுப்பதும் அந்தப் புகையிலிருந்துதான். பிள்ளைகள் அந்நேரம் ஒரு சுவருக்கு அப்பால் தூங்கிக்கொண்டிருக்கும், அந்தச் சுவரும் கூரை வரைக்கும் எழும்பியிருக்காது. இராத்திரியில் நுளம்புச் சுருள் வேறு. ஒரு சுருள் எரிந்து முடிய வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. அந்தச் சுருளையும் நானே சிபாரிசு செய்திருக்கிறேன், டெங்கு வந்த காலத்தில்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று தப்பிக்க எனக்கு இடமில்லை. நான் பிறந்ததே லயத்தில். அம்மா இருமுவதைக் கேட்டுத்தான் விடியும். பீடியைத் தொடாத, புகையிலை போடாத பெண் அவர். ஐம்பது வயதில் பத்துப் படி ஏறினால் இரண்டு தரம் உட்காருவார். ‘மலைக் குளிர்’ என்றார்கள், நாங்களும் அப்படியே நம்பினோம். பிறகு படித்தேன், உத்தியோகமும் வந்தது. விறகுப் புகையின் நுண்துகள், தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு இருப்பது, நுரையீரலின் அடிக் காற்றறை வரை இறங்கி இரத்தத்திலும் கலக்கும் என்பது எனக்குத் தெரியும். கார்பன் மொனொக்சைட் ஒட்சிசனை முந்திக்கொண்டு ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும், வயிற்றுப் பிள்ளைக்குப் போக வேண்டிய பங்கு குறையும் என்பதும் தெரியும். கர்க் சிமித் என்ற அறிஞர் குஜராத் கிராமத்துச் சமையலறைகளில் பெண்கள் சுவாசிக்கும் புகையை அளந்து எழுதியது 1983இல். 2006இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், வீட்டில் எரிக்கும் விறகின் புகையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் சேர்த்தது. அடுப்புப் புகையால் 2020இல் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக அதே நிறுவனம் சொல்கிறது. அவர்களில் 2,37,000க்கு மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள். காற்றோட்டமில்லாத வீட்டுக்குள் நுண்துகள் ஏற்கத்தக்க அளவைப் போல 100 மடங்கு வரை போகலாம் என்பதும் அவர்கள் சொல்வதுதான்.

எங்கள் தோட்டத்தில் புகையைத் தெரிந்தவர்கள் இல்லாமலுமில்லை. இறப்பர்ப் பால் உறைந்து சீட் ஆனதும் புகை வீட்டில் தொங்கவிடுவார்கள். நாலைந்து நாள், அதே இறப்பர் விறகின் புகையில். சூடு 60 பாகைக்கு மேலே போகாமல் ஆள் வைத்துப் பார்ப்பார்கள். ஈரம் வெளியேற கூரையில் திறந்து மூடும் துவாரம் உண்டு. புகையில் உள்ள இரசாயனம் சீட்டில் பூஞ்சணம் பிடிக்காமல் காக்கும், சீட்டும் தேன் நிறத்துக்கு வரும். நெருப்புத் தள்ளப் போகிறவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உடனே வெளியே வந்துவிடுவார், உள்ளே நிற்க முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். புகை வீட்டிலிருந்து லயத்துக்குக் கூப்பிடு தூரம். தினமும் இரண்டையும் கடந்து போன எனக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். தோன்றியது. பேசவில்லை.

ஒருமுறை லயத்துக் கூரை மாற்றினார்கள். பழைய கூரையில் அடுப்புக்கு மேலே சிறு புகைக்கூண்டுகள் இருந்தன. மழைக்கு ஒழுகுகிறது என்று அவற்றைப் பிடுங்கிவிட்டுத் தகரத்தை நேராக அடித்துவிட்டார்கள். சுகாதாரத்துக்குப் பாதகமில்லை என்று ஒரு தாளில் என் கையெழுத்துத் தேவைப்பட்டது. போட்டேன். அப்படிப் போட வேண்டாம் என்று எனக்குள் ஏதோ சொன்னது. ஆனால் தொரை பங்களாவில் ‘பிரச்சினை கிளப்புகிறவன்’ என்று பெயர் வாங்க எனக்குத் துணிவில்லை. இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். குவாட்டர்ஸுக்குக் குடிபோய், காஸ் அடுப்பு வாங்கிய பிறகு, புகை லயத்துச் சனங்களோடு பிறந்தது, அவர்களுக்குப் பழகிப்போனது என்ற எண்ணம் எனக்கு வந்துவிட்டது. அம்மா இருமியதைக் கேட்டு வளர்ந்த எனக்கே வந்தது. பயத்தைவிட அதுதான் பெரிய குற்றம்.

சனங்களைக் காஸுக்கு மாறச் சொல்லியிருந்தால் போதும் என்பதில்லை. 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாயாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாய். அன்றைய நாட்கூலி 1,000 ரூபாய். ஐந்து நாள் பால் வெட்டி ஒரு சிலிண்டர் வாங்கு என்று யார் வாயால் சொல்வது? அந்த வருடம் குவாட்டர்ஸிலும் விறகு எரிந்தது. புகைக்குக் கண் எரிந்தபோதுதான் என் கண்ணும் திறந்தது. ஆராய்ச்சிகளும் எல்லாம் சுலபம் என்று சொல்லவில்லை. குவாத்தமாலா மலையில் புகைபோக்கி அடுப்பு கொடுத்துப் பார்த்து 2011இல் முடிவை வெளியிட்டார் சிமித். பிள்ளைகள் இழுத்த புகை பாதியானது, கடுமையான நிமோனியா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஆனால் மொத்த நிமோனியாவில் அவ்வளவு தெளிவான வித்தியாசம் வரவில்லை. தமிழ்நாட்டின் விழுப்புரம், நாகப்பட்டினம் உட்பட நான்கு நாடுகளின் சில பகுதிகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசமாகக் காஸ் கொடுத்துச் செய்த ஆய்வில் புகை வெகுவாகக் குறைந்தும் பிறப்பு எடை சொல்லத்தக்க அளவு கூடவில்லை. இதைக் காட்டி, புகையால் பெரிய கெடுதி இல்லை என்று வாதாடுவோரை நான் ஏற்க மாட்டேன். நான் சொன்ன அந்த முடிவுகள் வயிற்றுப் பிள்ளையையும் கைக்குழந்தையையும் பற்றியவை. முப்பது வருடம் ஊதாங்குழல் பிடித்த பெண்ணின் நுரையீரலைப் பற்றி அவை பேசவில்லை.

காசில்லாமலே செய்யக்கூடியவை எத்தனையோ இருந்தன. அடுப்பு எரியும் நேரம் பிள்ளையை லயத்தின் கடைசியில் உள்ள தொங்கல் காம்பராப் பாட்டியிடம் விடச் சொல்லியிருக்கலாம். கதவைத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கலாம். பிளாஸ்டிக் கொளுத்தாதே என்று ஒரு வார்த்தை. விறகைப் பிளந்து, மழை படாத கொட்டிலில் அடுக்க நிர்வாகத்திடம் நாலு தகரம் கேட்டிருக்கலாம். விறகைக் குறைவாகத் தின்னும் இரட்டை வாய் அனகி மண்ணடுப்பு இந்த நாட்டிலேயே செய்து விற்கப்படுகிறது. அதற்கு மேலே, நான் கையெழுத்துப் போட்டு மூட விட்ட அந்தப் புகைக்கூண்டு.

என்னிடம் வந்த தாய்மாரே, உங்களை ஏசியதற்கும், பிள்ளையை அடுப்படியில் வைக்கச் சொன்னதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன். மருந்தில் குறை இல்லை, நீங்கள் குடித்ததிலும் குறை இல்லை.

காவத்தையிலோ இறக்குவானையிலோ யட்டியாந்தோட்டையிலோ தெரணியகலையிலோ இன்று அந்த மேசையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். இருமலோடு யார் வந்தாலும் அடுப்பைப் பற்றிக் கேளுங்கள். கேட்டதைப் பதிவேட்டில் எழுதுங்கள். வீட்டுக் கூரைக்கோ புது வீட்டுத் திட்டத்துக்கோ கையெழுத்துக் கேட்டு வந்தால், புகை போக வழி எங்கே என்று பார்க்காமல் போடாதீர்கள்.