கப்பல் ஏறும் முன்

பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு வந்த நமக்குப் பயணம் புதிதன்று. தாதரில் இரயில் ஏறினால் புளியோதரைப் பொட்டலத்தை எந்த நிலையத்தில் பிரிப்பது என்பது வரை நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். ஆனால் கப்பலில் உல்லாசமாகச் சென்று வருவது நம்மில் பலர்க்கு இன்னும் புதுமையே. 2023 ஜனவரியில் மும்பையிலிருந்து கோவாவுக்குச் சென்று திரும்பும் மூன்று இரவுப் பயணம் ஒன்றை நாங்கள் மேற்கொண்டோம். அதில் எங்களுக்கு நேர்ந்த பிழைகளை ஒளிக்காமல் எழுதினால், இனிச் செல்லும் அன்பர்களுக்குப் பயன்படும் என்று கருதுகிறோம்.

எங்களுடன் 79 வயதான அம்மாவும் வந்தார். அவர் எளிதில் இசையவில்லை. ஒன்பது வயதில் நாகப்பட்டினக் கரையில் நின்று, பினாங்குக்குப் புறப்பட்ட தம் தந்தையை வழியனுப்பியவர் அவர். 1926-இல் கட்டப்பெற்று, 1970-களின் தொடக்கம் வரை சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய ‘ரஜுலா’ கப்பல் அது. கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, பயணிகளைப் படகுகளில் கொண்டு போய் ஏற்றினார்களாம். தாத்தா திரும்பவில்லை, பினாங்கிலேயே மறைந்தார். “கப்பல் கொண்டு போகும், கொண்டு வராது” என்பதே கடலைப் பற்றி அம்மா அறிந்தது. பேரக் குழந்தைகளின் கெஞ்சலுக்காகவே அவர் புறப்பட்டார்.

முதற் பிழை, அறையைத் தேர்ந்தது. சலுகை விலைக்கு ஆசைப்பட்டுக் கிடைத்த அறையை ஏற்றோம். அது கப்பலின் முன் முனையில் அமைந்துவிட்டது. ஊஞ்சற் பலகையின் நடுவில் அமர்ந்தவனை விட ஓரத்தில் அமர்ந்தவன் மிகுதியாக ஏறி இறங்குவதில்லையா? கப்பலும் அவ்வாறே. கீழ்த்தளத்தில், நடுப்பகுதியில் உள்ள அறையே முதியோர்க்கு ஏற்றது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடல் கொந்தளிக்கும். அம்மாதங்களைத் தவிர்ப்பது நன்று.

இரண்டாம் பிழை பெரியது. துறைமுகத்தில் நாம் ஒப்படைக்கும் பெட்டிகள் நம்முடனேயே அறைக்கு வந்துவிடுவதில்லை. சோதனை முடிந்து வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரைகளைப் பெரிய பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தோம். மாலை மாத்திரைக்கான வேளை கடந்தது. கப்பல் அசையத் தொடங்கியது. அம்மா கண்களை மூடிக்கொண்டு, “கரைக்கே போய்விடலாம்” என்றார். எங்களுக்குக் கைகால் ஓடவில்லை. கப்பலின் மருத்துவர் வந்து பார்த்து மாத்திரை கொடுத்தார். இரவு பத்து மணிக்குப் பெட்டி வந்தது. மருந்து, ஆதார் அட்டை, மாற்றுடை ஒன்று ஆகிய மூன்றும் கைப்பையில் இருக்கட்டும்.

உடல் அசைவை உணர்கிறது. மூடிய அறையில் கண்ணோ அசைவைக் காண்பதில்லை. இந்த முரண்பாட்டினாலேயே தலை சுற்றுகிறது. மறுநாள் அம்மாவை மேல்தளத்தில் அமர்த்தி, தொடுவானத்தைப் பார்க்கச் சொன்னோம். இஞ்சி முரப்பாவும் சிறிது தயிர்ச்சாதமும் உதவின. தலைசுற்றலுக்கான மாத்திரையை மருத்துவரைக் கேட்டுப் புறப்படும் முன்பே உட்கொள்வது நன்று. வாந்தி தொடங்கிய பின் அதனால் பயன் குறைவு.

அம்மா கொண்டுவந்த கற்பூரமும் தீப்பெட்டியும் வாயிலிலேயே எடுத்து வைக்கப்பட்டன. அவர் வருந்தினார். ‘ரஜுலா’வுக்குப் பின் அதே வழியில் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பல் கடலில் தீப்பற்றியதை நினைவூட்டினோம், மனம் ஆறினார். கடலில் நெருப்பைப் போன்ற பகை வேறில்லை.

கப்பல் புறப்படும் முன் நடைபெறும் பாதுகாப்புப் பயிற்சியைப் பலர் வேடிக்கையாகக் கருதுகின்றனர். 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையோரம் பாறையில் மோதிச் சாய்ந்த ‘கோஸ்டா கான்கார்டியா’ கப்பலில் 32 பேர் மாண்டனர். அன்று ஏறிய பயணிகள் பலருக்குப் பயிற்சி அளிக்கப்படவில்லை. அதன் பின்னரே, புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடத்த வேண்டும் எனப் பன்னாட்டு விதி திருத்தப்பட்டது. ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் உங்களுக்குரிய இடத்திற்குச் செல்ல வேண்டும். அவ்விடத்தை நடந்து பார்த்து வையுங்கள். அம்மா மட்டும் மிதவைச் சட்டையை அணிந்துகொண்டு, “எல்லாருக்கும் படகு உண்டா?” என்று மாலுமியைக் கேட்டார். அவர் புன்னகையுடன் படகுகளைக் காட்டினார். “அப்பா போன கப்பலில் இப்படி யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்களா?” என்று அம்மா எங்களைப் பார்த்தார். விடை சொல்ல எங்களால் இயலவில்லை.

பணத்தைப் பற்றி ஒரு சொல். அறைத் திறவுகோலாகத் தரும் அட்டையிலேயே செலவுகளும் பதிவாகும். இணைய வசதி, மருத்துவம், சிறப்பு உணவு ஆகியவை பயணச்சீட்டில் அடங்குவதில்லை. நாள்தோறும் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். நடுக்கடலில் கைப்பேசி கப்பலின் அலைவரிசையைப் பற்றிக்கொண்டால் கட்டணம் ஏறும். விமானப் பயண நிலையில் வைத்துவிடுக. இறங்கிய ஊரிலிருந்து குறித்த நேரத்திற்குள் திரும்புக. இரயிலைப் போலவே கப்பலும் நமக்காகக் காத்திராது.

நான்காம் நாள் விடியுமுன் அம்மா எங்களை எழுப்பினார். மேல்தளத்தில் நின்றோம். தொலைவில் மும்பையின் விளக்குகள் தெரிந்தன. நெடுநேரம் பேசாதிருந்தவர், “கொண்டு வந்து சேர்த்துவிட்டதே” என்றார்.

வீட்டில் முதியோர் இருப்பின் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். மாத்திரையை மட்டும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.