ஸ்டம்புக்குப் பின்னால் ஓரிடம்

2025 மார்ச்சில் அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. அதைச் சொல்லி அனுமதி வாங்கி, மே கடைசி வரை திருத்துறைப்பூண்டியிலிருந்தே அலுவலக வேலை பார்த்தேன். பகலில் மடிக்கணினி, சாயங்காலம் ரயில்வே கேட் பக்கத்து டீக்கடை. ஐபிஎல் நடக்கிற மாதங்களில் அந்தக் கடையில் வேறு பேச்சு எடுபடாது.

மார்ச் 28, வெள்ளிக்கிழமை. சேப்பாக்கத்தில் சென்னைக்கும் பெங்களூருக்கும் ஆட்டம். கடைக்காரர் சுவரில் மாட்டியிருந்த டிவிக்கு முன்னால் இருபது பேராவது இருப்போம். இலக்கு 197. விக்கெட்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்று விழும்போதும் மைதானத்தில் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. இறங்கி வருவது தோனி இல்லை என்று தெரிந்ததும் அடங்குகிற சத்தம் அது. எட்டாவதாக அஸ்வின் வந்தார். ஒன்பதாவதாகத்தான் தோனி. 16 பந்தில் 30 ரன், ஆட்டமிழக்கவில்லை. கடைசி ஓவரில் சிக்ஸர் பறந்தபோது கடையில் விசில். சென்னை 50 ரன்னில் தோற்றது. சேப்பாக்கத்தில் பெங்களூரு ஜெயிப்பது 2008-க்குப் பிறகு அதுவே முதல் தடவை.

"அடிக்கத் தெரிஞ்சவரு முன்னாடி வந்தா என்னவாம்?" என்று ஆரம்பித்தேன். "முன்னாடி வர முடியலன்னா, முடிஞ்ச ஒருத்தனுக்கு எடத்த விடணும்."

கடையே என் பக்கம் திரும்பியது.

"தம்பி, மொத பாதியில சால்ட்ட ஸ்டம்பிங் பண்ணுனாரே, அத எந்தப் பொடியன் பண்ணுவான்?" என்றார் எங்கள் டீமின் பழைய கேப்டன் அண்ணன். அதற்கு என்னிடம் பதில் இல்லை. 43 வயதில் அந்தக் கை கொஞ்சமும் மெதுவாகவில்லை. மெதுவானது கால்தான். 2023 ஜூனில் முழங்கால் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. முழு வேகத்தில் பத்து ஓவர் அவரால் ஆட முடியாது என்று பயிற்சியாளர் ஃபிளெமிங்கே இரண்டு நாள் கழித்து வெளிப்படையாகச் சொன்னார்.

அன்றிலிருந்து இரண்டு மாதம் இதே வழக்கு. நான் வாதி, ஊர் பிரதிவாதி.

வாதியாக இருந்ததால் நிறைய யோசிக்க வேண்டியிருந்தது. முதலில் பிடிபட்டது, இது மற்ற இடங்களைப் போன்றதில்லை என்பது. ஓர் அணியில் ஆறு பேர் மட்டை பிடிக்கலாம், ஐந்து பேர் பந்து போடலாம். கையுறை போட்டு ஸ்டம்புக்குப் பின்னால் குந்துகிறவர் ஒருவர்தான். அவர் நன்றாக இருக்கும் வரை, அடுத்தவர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெளியேதான். அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக்கும் அப்படித்தான். எங்கள் வாடிக்கையாளர் நிறுவனத்தில் கிரீன் பே ரசிகர் ஒருவர் உண்டு. நான் தோனி கதையைச் சொன்னதும் அவர் தங்கள் ஊர்க் கதையைச் சொன்னார். 2005-இல் ஆரன் ராட்ஜர்ஸை எடுத்துவிட்டு, பிரெட் ஃபார்வ் என்கிற ஜாம்பவானுக்குப் பின்னால் மூன்று வருடம் உட்கார வைத்தார்கள். 2008-இல் ஃபார்வ் ஓய்வை அறிவித்தார். பிறகு மனம் மாறித் திரும்ப வந்தார். அணி அவரை நியூயார்க் ஜெட்ஸுக்கு அனுப்பிவிட்டு ராட்ஜர்ஸை இறக்கியது. ஊர் இரண்டாக உடைந்ததாம். மூன்றாவது வருடமே ராட்ஜர்ஸ் கோப்பையைக் கொண்டுவந்தார். அதோடு முடியவில்லை. ராட்ஜர்ஸுக்கும் வயதானது, அவருக்குப் பின்னாலும் ஜோர்டன் லவ் என்று ஓர் இளைஞர் மூன்று வருடம் காத்திருந்தார். 2023-இல் ராட்ஜர்ஸும் அதே ஜெட்ஸுக்குத்தான் போனார்.

நம் ஊரில் அப்படி யாரையும் அனுப்பிவிட முடியாது. 2022-இல் தோனி கேப்டன் பதவியை ஜடேஜாவிடம் கொடுத்தார். எட்டு ஆட்டத்தில் ஆறு தோல்வி, பதவி திரும்பி வந்துவிட்டது. 2024-இல் ருதுராஜிடம் கொடுத்தார். 2025-இல் ருதுராஜின் முழங்கையில் அடிபட்டது, பதவி மறுபடி தோனியிடமே வந்தது. ஜடேஜா இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். 2023-இல் டெல்லியுடனான ஆட்டத்துக்குப் பிறகு, தான் முன்னால் இறங்கினால் தான் அவுட் ஆவதற்காக ரசிகர்கள் காத்திருப்பார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை அப்போது நானும் ரசித்தேன்.

இதில் தமிழர்களாகிய நமக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. 2004 செப்டம்பரில் லார்ட்ஸில் இந்தியாவுக்குக் கீப்பராக இறங்கியவர் சென்னைப் பையன் தினேஷ் கார்த்திக். தோனி வந்தது மூன்று மாதம் கழித்து, டிசம்பரில். டெஸ்ட்டிலும் கார்த்திக்தான் முந்தி. அந்த இடத்தையும் தோனி எடுத்துக்கொண்டார். தோனியின் முதல் டெஸ்ட் நடந்தது 2005 டிசம்பரில், கார்த்திக்கின் சொந்த மைதானமான சேப்பாக்கத்தில். கார்த்திக் அதன்பின் வேறு வாசல்களைத் தேடினார். 2007-இல் இங்கிலாந்தில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி, அந்தத் தொடரில் இந்தியாவுக்காக அதிக ரன் எடுத்தார். 2018-இல் கொழும்பில் வங்கதேசத்துக்கு எதிரான இறுதியாட்டத்தில் 8 பந்தில் 29, கடைசிப் பந்தில் சிக்ஸர். அந்தத் தொடரில் தோனி ஓய்வில் இருந்தார். ஐபிஎல்லில் ஆறு அணிகளுக்கு ஆடினார், சென்னைக்கு மட்டும் ஆடவே இல்லை. முதல் ஏலத்தில் சென்னை 15 லட்சம் டாலர் கொடுத்து தோனியை எடுத்துவிட்டது. தல என்று நாம் கூப்பிட ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

அடுத்து ஜெகதீசன். கோயம்புத்தூர்க்காரர், கீப்பர். 2018 முதல் சென்னை அணியில் இருந்தார். ஐந்து வருடத்தில் ஏழு ஆட்டம். 2022 நவம்பரில் அவரை விடுவித்தார்கள். அதே மாதம் விஜய் ஹசாரே கோப்பையில் தொடர்ந்து ஐந்து சதம் அடித்தார். ஐந்தாவது, அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 277. ஐம்பது ஓவர் ஆட்டத்தில் அதுவே உலக சாதனை.

இதையெல்லாம் அடுக்கியபோது அப்பா திண்ணையில் இருந்தார். அவருக்குக் கிரிக்கெட் ஆகாது. ஆனால் ஒன்று சொன்னார். "மேட்டூர் தண்ணி தள்ளிப்போனா நாத்து நாத்தங்கால்லயே முத்திரும்ப்பா. அப்பறம் புடுங்கி நட்டா தூர் கட்டாது."

டெல்டாவில் நெல்லுக்கு வயது சொல்வோம். குறுவைக்கு நூற்றுச் சொச்சம் நாள், அப்பா நடுகிற சி.ஆர்.1009-க்கு ஐந்து மாதத்துக்கு மேல். நாற்றுக்கும் அந்தக் கணக்குத்தான்: பயிர் வயது மாதத்துக்கு ஒரு வாரம். நாலு மாத நெல்லை நாலு வாரத்தில் பறித்து நட வேண்டும். ஐந்து மாத நெல் இன்னொரு வாரம் பொறுக்கும்.

"பொறுக்குற ரகமும் இருக்குல்ல?" என்றேன், ராட்ஜர்ஸை நினைத்துக்கொண்டு.

"இருக்கு. எது பொறுக்கும்னு நடுறவனுக்குத் தெரியணும்."

மறுநாள் இதை டீக்கடையில் என் வாதமாகவே எடுத்துவிட்டேன். நல்ல வரவேற்பு.

மே மாதம் எங்கள் டீமுக்கு டென்னிஸ் பந்து டோர்னமென்ட். எட்டு ஓவர் ஆட்டம். அதற்குள் சென்னை போட்டியிலிருந்தே வெளியேறியிருந்தது. கடைசியில் பத்தாவது இடம், அணியின் வரலாற்றில் முதல் தடவை. ருதுராஜுக்குப் பதிலாக வந்த ஆயுஷ் மாத்ரே, பதினேழு வயது, மே 3 அன்று பெங்களூருக்கு எதிராக 48 பந்தில் 94 அடித்திருந்தான். ஒருவர் கை உடைந்ததால்தானே இவன் உள்ளே வந்தான் என்று நான் கடையில் முழங்கிய மறுநாள் எங்கள் முதல் ஆட்டம்.

எங்கள் டீமில் கீப்பர் நான்.

இப்படி எழுதும்போதுதான் இந்த வாக்கியம் எனக்கு உறைக்கிறது. கல்லூரிக் காலத்தில் மூன்று வருடம் கீப்பருக்குப் பின்னால் பை ரன் தடுக்க ஓடிக்கொண்டிருந்தேன். அப்போதைய கீப்பர் அண்ணன் எனக்கு இடம் விட்டுக் கொடுக்கவில்லை, துபாய்க்கு வேலை கிடைத்துப் போனார். அதன் பிறகு அது என் இடம். சென்னைக்கு வேலைக்குப் போனபின் வருடத்துக்கு இரண்டு தடவைதான் ஆடுகிறேன், மேயிலும் பொங்கலிலும். மற்ற நாளெல்லாம் ஒரு தம்பி நிற்கிறான். பத்தொன்பது வயது. மெக்கானிக் கடையில் வேலை. நான் பையோடு திடலுக்குள் நுழைந்ததும் அவன் பை ரன் தடுக்கப் போய்விடுவான். யாரும் அவனிடம் சொல்வதில்லை. என்னிடமும் யாரும் எதுவும் சொல்வதில்லை.

அந்த அரையிறுதியில் ஐந்தாவது ஓவருக்கு மேல் என்னால் குந்த முடியவில்லை. நின்றபடியே பிடித்தேன். இடுப்புக்குக் கீழே வந்த எட்ஜ் ஒன்று விரலில் பட்டுப் போனது. தோற்றோம். அந்த ஒரு கேட்ச்சால் தோற்றோம் என்று சொல்ல முடியாது, ஆனால் அந்த பேட்ஸ்மேன்தான் கடைசி வரை நின்றான்.

ஆட்டம் முடிந்து டீக்கடை. மறுபடி தோனி பேச்சு. தம்பி ஓரமாக உட்கார்ந்து பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தான். அதுவரை இந்த வழக்கில் அவன் வாய் திறந்ததே இல்லை. அன்று நானாகவே கேட்டேன். "நீ என்னடா சொல்ற? அவரு போகணுமா, இருக்கணுமா?"

"இருக்கட்டும்ண்ணே" என்றான் உடனே. "அவரு பின்னாடி நின்னா எல்லாருக்கும் ஒரு தைரியம்ண்ணே."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பன்னைப் பார்த்துச் சொன்னான். பழைய கேப்டன் அண்ணன், "கேட்டியா?" என்று என் தொடையில் தட்டினார். வழக்கில் அவர் ஜெயித்துவிட்டார். நான் வேறெங்கோ தோற்றிருந்தேன்.

இரண்டு மாதமாகப் பிடிபடாத ஒன்று அப்போது பிடிபட்டது. மூத்தவர் போக வேண்டுமா என்ற கேள்விக்கு, அதனால் ஆதாயம் அடையப் போகிறவன் ஒருநாளும் ஆமாம் என்று சொல்ல மாட்டான். சொன்னால் அவன் மரியாதை தெரியாதவன். அதனால் கேள்வி மூத்தவரிடம்தான் நிற்கும். அவரைச் சுற்றி இருப்பவர்களோ அன்பால் பேசாமல் இருப்பார்கள். சேப்பாக்கத்தின் சத்தமும் எங்கள் திடலின் மௌனமும் அவரிடம் சொல்வது ஒன்றுதான்: இன்னும் ஒரு வருடம் இருங்கள்.

நவம்பரில் சென்னை அணி ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கியது. டிசம்பர் ஏலத்தில் பத்தொன்பது வயதுக் கீப்பர் கார்த்திக் சர்மாவை 14.20 கோடிக்கு எடுத்தது. தோனியையும் வைத்துக்கொண்டது. ஒரே இடத்துக்கு மூன்று கீப்பர். நான் எதுவும் பேசவில்லை.

2026 பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். திடலில் பையை வைத்துவிட்டு, "தம்பி நிக்கட்டும், நான் பின்னாடி போறேன்" என்றேன். சாதாரணமாகச் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸிலேயே பழகியிருந்தேன். கேப்டன் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை, "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு ஃபீல்டிங் நிறுத்தப் போய்விட்டான். யாராவது ஒருவர் வேண்டாம்ண்ணே என்று சொல்வார்கள் என எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

இரண்டாவது ஓவரில் லெக் பக்கம் போன பந்தைத் தம்பி விட்டுவிட்டான். பை ரன், என் பக்கம்தான் வந்தது. விரட்டிக்கொண்டு ஓடும்போது எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. பந்தை எறிந்தேன், அவன் பிடித்தான். திரும்பிப் பார்த்து, "சாரிண்ணே" என்றான்.

"பாத்து ஆடு" என்று மட்டும் சொன்னேன். அதற்கப்புறம் அந்த இன்னிங்ஸில் என் பக்கம் பந்தே வரவில்லை.