தாத்தாவின் ஜீப்பும் மாமாவின் டீசலும்

சித்தூர்ப் பக்கத்தில் பழைய ஜீப் வைத்திருப்பவர் எந்தக் குறையைச் சொன்னாலும் அதற்கு ஒரே மருந்துதான் உண்டு. "எஞ்சினை மாத்திடுங்கண்ணா!" வண்டி புகைகின்றதா? மாற்று. மேட்டில் திணறுகின்றதா? மாற்று. பெட்ரோல் குடிக்கின்றதா? மாற்றியே தீரவேண்டும். காலில் முள் தைத்தவனைக் காலையே மாற்றிக்கொள்ளச் சொல்லும் வைத்தியம் இது. இந்த வைத்தியத்தை என் தாய்மாமன் தம் வண்டிக்குச் செய்வித்தார். முதல் நாள் தொட்டுச் செலவுக் கணக்கு எழுதியவன் நான். அந்த நோட்டுப் புத்தகம் இப்போது திருப்பதியில் என் விடுதி அறை மேசைமேல் இருக்கின்றது. மன்றத் தோழர்களில் பலர் இயந்திரப் பொறியியல் பயில்பவர்கள். சிலர் வீட்டுக் கொட்டகையிலும் இப்படி ஒரு வண்டி சாக்குப் போர்த்திக்கொண்டு நிற்கக்கூடும். அவர்களுக்காகவே எழுதுகின்றேன்.

வண்டி 1964ஆம் ஆண்டுப் பிறவி. அமெரிக்க வில்லிஸ் நிறுவனத்தின் உரிமம் பெற்று மகிந்திரா நிறுவனத்தார் இந்நாட்டில் செய்த சி.ஜே.3-பி என்னும் வகை. இதன் முகத்தை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். மூக்கு வழக்கம்போல் இருக்க, நெற்றி மட்டும் உயர்ந்து, ஏதோ வியந்து நிற்பது போலிருக்கும். அந்த நெற்றிக்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜீப்பில் இருந்தது 2,199 சி.சி., 60 குதிரைத்திறன் எஞ்சின். வால்வுகள் யாவும் பிளாக்கின் பக்கத்திலேயே இருந்தபடியால் அதன் உயரம் குறைவு. போருக்குப் பின், காற்றை உள்வாங்கும் வால்வை மட்டும் ஹெட்டில் ஏற்றிவிட்டு, புகையை வெளிவிடும் வால்வைப் பழைய இடத்திலேயே வைத்து, 'ஹரிக்கேன்' என்னும் புதிய எஞ்சினை வில்லிஸ் பொறியாளர்கள் செய்தனர். கொள்ளளவு அதேதான், திறனோ 70ஐத் தாண்டியது. ஆனால் எஞ்சின் உயர்ந்துவிட்டது. பழைய பானெட்டுக்குள் அடங்க மறுத்தது. ஆகவே பானெட்டையும் முன் கிரில்லையும் உயர்த்தி 1953இல் வண்டியை வெளியிட்டனர். அதாவது, எங்கள் வண்டியின் இனமே ஓர் எஞ்சின் மாற்றத்தில் பிறந்த இனம்! எஞ்சினை மாற்றப் போன தொழிற்சாலையே வண்டியின் முகத்தையும் மாற்ற வேண்டியதாயிற்று. மேஸ்திரியின் கொட்டகையில் என்னென்ன மாறவேண்டியிருக்கும் என்பதை அப்போதே ஊகித்திருக்கலாம். மாமா ஊகிக்கவில்லை.

தாத்தா அந்த வண்டியில் வெல்லமும் மாங்காயும் ஏற்றியிருக்கிறார். ஆண்டுக்கு ஒருமுறை குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திருமலைக்கும் போயிருக்கிறார். 1944இல் திறந்த பழைய மலைப்பாதையில் பாதி வழியில் நிறுத்தி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி, எஞ்சின் மூச்சு வாங்கும் வரையில் எல்லோரும் புளிச்சோறு தின்பார்களாம். வண்டி கொதிக்காவிட்டால் பிள்ளைகளுக்கு ஏமாற்றமாம். என் அம்மா சொல்வது.

நிற்க. இரண்டாண்டுகளுக்கு முன் எஞ்சின் எண்ணெய் பால்காப்பி நிறத்தில் வந்தது. தண்ணீர் கலந்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது, மூன்றாவது சிலிண்டருக்கும் அதன் பக்கத்து வால்வு இருக்கைக்கும் இடையில் மயிரிழை போன்ற விரிசல். புகை வால்வு பிளாக்கிலேயே இருக்கும் அமைப்பில் வெப்பம் அங்கேதான் முட்டும். "இதைத் தைச்சு என்ன பண்றது? டீசல் போட்டுடலாம்" என்றார் மேஸ்திரி. மாமாவின் முகம் மலர்ந்தது. தாத்தா வண்டியைக் காட்டிலும் தாத்தா வண்டியின் பெட்ரோல் செலவைத்தான் அவருக்கு நன்றாக நினைவு.

இந்த ஆசை அவருக்கு மட்டும் உரியதன்று. 1973இல் உலக எண்ணெய் விலை ஏறியதிலிருந்து நம் நாட்டில் ஜீப் வைத்திருந்தவரும் அம்பாசடர் வைத்திருந்தவரும் டீசல் தேடி ஓடினர். டிராக்டர் எஞ்சின், மட்டடார் வேன் எஞ்சின், கிடைத்ததெல்லாம் ஜீப்பின் வயிற்றுக்குள் போயிற்று. பின்னர் மகிந்திரா நிறுவனமே பியூஜோ டீசலைத் தன் ஜீப்களில் பொருத்தி விற்றது. அமெரிக்காவில் இதே ஆசை வேறு வகை: அங்கே பழைய ஜீப்பில் செவர்லே வி-8 எஞ்சினை ஏற்றுவார்கள்; அதற்கென்றே இணைப்புத் தட்டுகள் கடையில் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. அவர்கள் வேகத்துக்காக மாற்றினார்கள், நாம் சிக்கனத்துக்காக மாற்றினோம்.

முதலில் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர், மலிவாக ஒரு டிராக்டர் எஞ்சின் இருப்பதாகச் சொன்னார். நான் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். டிராக்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றை ஒட்டித்தான் சுற்றும். சி.ஜே.3-பி அச்சின் பல்விகிதம் 5.38. ஆகவே மேல் கியரில் சக்கரம் நிமிடத்துக்கு 372 முறை சுற்றும். சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 2.26 மீட்டர் போகும். பெருக்கினால் மணிக்கு 50 கிலோமீட்டர்! அதற்குமேல் அழுத்தினாலும் போகாது. "பலமநேருக்குப் போயிட்டு வர்றதுக்குள்ளே பொழுது விடிஞ்சிடும்" என்று மாமாவே அதைத் தள்ளிவிட்டார். பியூஜோ எஞ்சினோ 4,500 சுற்று வரை போகும், 2,112 சி.சி.; 62 குதிரைத்திறன். அதையே தேர்ந்தார். ஆனால் இழுவிசையைப் பாருங்கள்: பழைய ஹரிக்கேனுக்கு 155 நியூட்டன்-மீட்டர் அளவில், பியூஜோவுக்கு 121. டீசல் என்றாலே இழுக்கும் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம் அன்றோ? எண்களைக் காட்டினேன். "நீ படிக்கிற புஸ்தகம் மேடு ஏறாது மாப்ளே" என்றார் மாமா.

சென்னைப் புதுப்பேட்டைக்கு மாமாவும் மேஸ்திரியும் நானுமாகச் சென்றோம். கழற்றிய வண்டிகளின் உறுப்புகள் தெருத்தெருவாகக் குவிந்து கிடக்கும் இடம் அது. கியர்பெட்டி இல்லாத எஞ்சின் 48,000 ரூபாய். லாரிக் கூலி 3,500. மேஸ்திரி முதலில் சொன்ன மொத்த மதிப்பீடு 80,000, நாள் பதினைந்து. பாதிக்கு மேல் முடிந்துவிட்டது என்ற களிப்பில் மாமா எங்களுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். அந்தச் செலவைக் கணக்கில் எழுத வேண்டாம் என்றார்.

உண்மை வேலை அதன் பிறகுதான் தொடங்கியது. ஜீப்பின் கியர்பெட்டி ஒரு நாட்டது. டீசல் எஞ்சின் மற்றொரு நாட்டது. இருவர் துளைகளும் ஒன்றோடொன்று பேசமாட்டா. இடையில் ஓர் இரும்புத் தட்டு வேண்டும்: ஒரு முகத்தில் எஞ்சினின் துளைகள், மறு முகத்தில் கியர்பெட்டியின் துளைகள். கேட்க எளிது. ஆனால் எஞ்சினின் கிராங்க் நடுவும் கியர்பெட்டித் தண்டின் நடுவும் ஒரே கோட்டில் நிற்கவேண்டும். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை லேத் பட்டறையில் 'தௌ' என்பார்கள். நாலைந்து தௌ விலகினால் போதும். கிளட்ச் உதறும், பேரிங் அலறும், சில நூறு கிலோமீட்டரில் தண்டு தேய்ந்துவிடும். முதல் தட்டு அலறியது. இரண்டாம் தட்டு உதறியது. மூன்றாம் தட்டை, தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் ஒரு முதிய லேத்காரர், டயல் முள்ளைப் பார்த்துப் பார்த்து, இரண்டு குத்தூசிப் பின்களால் நிலைப்படுத்தி முடித்துக் கொடுத்தார். அவர் முள்ளைப் பார்க்கும்போது மூச்சுவிட மறந்துவிடுவார். நம் ஆய்வுக்கூடத்தில் நான் கண்ட எந்தச் செய்முறையும் அத்துணைத் தூய்மையாக இருந்ததில்லை. தட்டு, பிளைவீல் கடைசல், கிளட்ச் எல்லாம் சேர்த்து 21,000.

தட்டின் கனத்தால் கியர்பெட்டி பின்னே தள்ளிப் போயிற்று. ஆகவே பின் தண்டைக் குறுக்கி, முன் தண்டை நீட்ட வேண்டியதாயிற்று: 8,000. எண்ணெய்த் தொட்டி முன் அச்சின் உருண்டையில் இடித்தது. எஞ்சினைத் தூக்கி வைக்கப் பழைய தாங்கிகளை அறுத்துப் புதியவற்றை வெல்டிங் செய்தார்கள்: 6,000. வண்டி 6 வோல்ட். டீசலைச் சுழற்ற 12 வோல்ட் வேண்டும். பேட்டரிக்குப் பெயர் பெற்ற வட்டாரம் நம்முடையது; ஆயினும் ஸ்டார்ட்டர், ஒயரிங், விளக்குகள் எல்லாம் சேர்ந்து 17,500. பம்ப், நாசில் பழுது 16,500. ரேடியேட்டர் 9,500. பிறகு ஒருநாள் மழை வந்தது. மாமா துடைப்பானைத் திருகினார், அசையவில்லை. அந்தக் காலத்து ஜீப்பில் துடைப்பானை ஆட்டுவது மின்சாரமன்று, பெட்ரோல் எஞ்சின் மூச்சை உள்ளிழுக்கும்போது உண்டாகும் வெற்றிடம். டீசலுக்கு அந்த வெற்றிடம் இல்லை! மாமா இடக்கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கொட்டகை வந்து சேர்ந்தார்.

சில்லறையும் கூலி 35,000மும் சேர்த்து மொத்தம் 1,72,200. நாள் பதினைந்தன்று, ஐந்து மாதம். எஞ்சினின் விலை அதில் நூற்றுக்கு இருபத்தெட்டே. எஞ்சின் தொட்ட இடமெல்லாம் காசு கேட்டது. மாமா மிச்சம் பிடிக்கப் போவது எவ்வளவு? நான் கணக்கிட்ட நாளில் பெட்ரோல் 110 ரூபாய், டீசல் 97. பெட்ரோலில் லிட்டருக்கு 7 கிலோமீட்டர், டீசலில் 12 என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு ஏழரை ரூபாய்க்குச் சற்று மேல் மிச்சம். போட்ட பணம் திரும்ப 22,500 கிலோமீட்டர் ஓடவேண்டும். வண்டி ஆண்டுக்கு ஓடுவதோ 1,500. அதாவது பதினைந்து ஆண்டு! பெட்ரோல் விலையை அரசு 2010இலும் டீசல் விலையை 2014இலும் சந்தைக்கு விட்டபின், இரண்டுக்கும் இருந்த பழைய பெரிய இடைவெளி சுருங்கிவிட்டது. மாமாவின் சிக்கனம் நாற்பதாண்டு முந்தியது.

இதுவரை சொன்னது பணக் கணக்கு. அதைவிடப் பெரிய இடர் பதிவு அலுவலகத்தில் காத்திருந்தது. புதுப்பிக்கும் நாள் நெருங்கியபோது மாமா சான்றை எடுத்துக்கொண்டு போனார். அங்கிருந்த அதிகாரி மரியாதையுள்ளவர். உட்காரச் சொல்லிச் சட்டத்தைப் படித்துக் காட்டினார். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து சான்றின் விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது. 2000ஆம் ஆண்டுத் திருத்தம் இதை இறுக்கியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் தண்டம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சான்றில் இருப்பது தாத்தாவின் பெட்ரோல் எஞ்சின் எண். வண்டியில் இருப்பதோ புதுப்பேட்டை டீசல். "பழைய நாள்லே எழுதிக் கொடுத்தாங்களே சார்" என்றார் மாமா. "பழைய நாள் வேற" என்றார் அதிகாரி.

இன்னொன்றும் அவர் சொன்னார். ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021இல் தனி விதிகள் வந்திருக்கின்றன. 'வின்டேஜ்' என்று பதிவு செய்துகொள்ளலாம். கட்டணம் 20,000, பத்தாண்டுக்குச் செல்லும். ஆனால் சேசிஸும் உடலும் எஞ்சினும் பெரிதாக மாற்றப்படாமல் மூல வடிவில் இருக்கவேண்டும். அன்றாட வேலைக்கோ வாணிகத்துக்கோ ஓட்டலாகாது, கண்காட்சிக்கும் பேரணிக்கும்தான். மாங்காய் ஏற்ற முடியாத ஜீப் எதற்கு என்பது மாமாவின் வினா. அதில் எனக்கு அவரோடு முழு உடன்பாடு. எனினும், எந்த வழியில் போனாலும் கதவைத் திறக்கும் சாவி சாக்கு மூட்டையின் கீழே விரிசலோடு கிடந்த ஹரிக்கேன்தான் என்பது அன்று தெளிவாயிற்று. பழைய இரும்பு விலைக்கு அதை எடுத்துக்கொள்கிறேன் என்று மேஸ்திரி இரண்டு முறை கேட்டிருந்தார். அம்மா விடவில்லை. அவர் சொன்ன காரணம் சட்டமன்று. "அப்பா கை பட்டது, கிடக்கட்டும்" என்பதே.

அதே முதிய லேத்காரரிடம் பிளாக்கைக் கொண்டு போனோம். வார்ப்பிரும்பில் வெல்டிங் வைத்தால் சூட்டில் மேலும் வெடிக்கும் என்று சொல்லி, விரிசல் நெடுகத் துளையிட்டு, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி சிறு திருகாணிகளை இறுக்கித் தைத்தார். நான்கு சிலிண்டருக்கும் ஸ்லீவ். பிஸ்டனும் வால்வும் மீண்டும் புதுப்பேட்டையிலிருந்தே வந்தன. இந்நாட்டில் பல்லாண்டு செய்த எஞ்சின் ஆதலால் இன்னும் கிடைக்கின்றன. இதற்கு இதுவரை 62,000. முதல் நாளே செய்திருந்தால் இதோடு முடிந்திருக்கும். இப்போதோ அறுத்த தாங்கிகளைத் திரும்ப ஒட்டவேண்டும். குறுக்கிய தண்டை நீட்டி, நீட்டிய தண்டைக் குறுக்கவேண்டும். அந்தக் கணக்கு இன்னும் நோட்டில் ஏறவில்லை.

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தேன். ஹரிக்கேன் மரக்கட்டைமேல் நின்றபடி முதன்முறையாகச் சுழன்றது. மாமா ஒன்றும் பேசவில்லை. கார்புரேட்டர் அருகில் காதை வைத்துக்கொண்டு நெடுநேரம் குனிந்திருந்தார். டீசல் எஞ்சின் கொட்டகை வாசலில் கிடக்கின்றது. பங்காருபாளையத்திலிருந்து ஒருவர் வந்து 30,000க்குக் கேட்டார். தம் ஜீப்பில் மாட்டப் போகிறாராம். மாமா அவருக்குக் காப்பி வரவழைத்து, 52ஆம் பிரிவைப் படித்துக் காட்டிவிட்டு, விலை 45,000 என்றார்.