குழாய்க்கிணறு அடிக்கும் முன்

நுவரெலியா, ஹட்டன் பக்கம் மழைக்குக் குறைவில்லை. ஆனாலும் பெப்ரவரி, மார்ச்சில் ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் நூலாக இறங்கும்போது லயங்களில் குழாய்க்கிணற்றுப் பேச்சு தொடங்கிவிடும். லொறியும் கம்ப்ரசரும் வந்து நின்ற பிறகு எதையும் விசாரிக்க நேரமிருக்காது. அதற்காகவே இந்தக் குறிப்புகள்.

நிலத்தில் மேலே சிவப்பு மண், அடுத்து கையால் நொறுக்கக்கூடிய உக்கல் கல், அதற்கும் கீழே கெட்டிப் பாறை. தண்ணீர் இருப்பது உக்கல் கல்லிலும் பாறை வெடிப்புகளிலும்தான். வெடிப்பில் படாத துளை 300 அடி போனாலும் வெறும் துளையே. ஆழத்தை வைத்துக் கூலி கணக்குப் பார்க்கலாம், தண்ணீரைக் கணக்குப் பார்க்க முடியாது.

கேசிங்: சரிகிற மண்ணையும் உக்கல் கல்லையும் தாண்டி, பாறையில் ஊன்றும்வரை இறக்கும் குழாய். மேல் சில அடிக்கு அதைச் சுற்றிச் சீமெந்து போட்டு அடைக்க வேண்டும். இல்லையென்றால் கான் தண்ணீர் ஓரமாக உள்ளே இறங்கிவிடும். மேட்டில் மலசலகூடக் குழி, பள்ளத்தில் கிணறு என்பது தோட்டத்தில் சாதாரணம். இந்த இடத்தில் சிக்கனம் பார்ப்பது மடத்தனம்.

ஹாமர்: துளைக்குள்ளேயே இறங்கி அடிக்கும் சுத்தியல். அதை இயக்குவது கம்ப்ரசரின் காற்று. தூளை மேலே தள்ளுவதும் அதே காற்றுதான். பக்கத்தில் நின்று தூளைக் கவனியுங்கள். முதலில் சிவப்பு, பிறகு மஞ்சள், நடுவில் மைக்கா மினுக்கம், கடைசியில் சாம்பல் நிற மாவு. அந்த மாவு திடீரென்று ஈரக் கட்டியாக வந்தால் வெடிப்பில் பட்டிருக்கிறது. எத்தனையாவது அடி என்று உடனே எழுதி வையுங்கள்.

நீர்மட்டம் இரண்டு. பம்ப் ஓடாதபோது தண்ணீர் நிற்கும் மட்டம் ஒன்று. ஓடும்போது இறங்கி நிற்கும் மட்டம் மற்றது. பம்பைத் தொங்கவிட வேண்டியது இரண்டாவதற்கும் கீழே.

முதல் சில நிமிடம் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்துத் தேங்காய் உடைத்துவிட வேண்டாம். 6 அங்குலத் துளையில் 100 அடிக்குத் தண்ணீர் நின்றால் அதுவே ஏறக்குறைய 550 லீற்றர். அது தேங்கி நின்ற தண்ணீர். கிணற்றின் உண்மையான ஊற்று, பல மணி நேரம் தொடர்ந்து இறைத்தும் மட்டம் மேலும் இறங்காமல் நிற்கும்போதுதான் தெரியும்.

தூக்கும் உயரம் (கடைக்காரர் 'ஹெட்' என்பார்): இறைக்கும்போது உள்ள மட்டத்திலிருந்து தாங்கிவரை. மலையில் பலரும் தவறுவது இங்கேதான். கிணற்றில் 40 மீற்றர், மேட்டு லயத்துத் தாங்கிக்கு இன்னும் 30 மீற்றர் என்றால் மொத்தம் 70. குழாயின் உராய்வு தனி. செக்கனுக்கு 1 லீற்றரை அந்த உயரத்துக்கு ஏற்ற, பம்பின் இழப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 2 குதிரைவலு வேண்டும்.

மேலே வைத்து உறிஞ்சும் பம்புக்கு இன்னொரு தடை. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் கணக்குப்படி 10 மீற்றர் தண்ணீரைத் தாங்கும். 6,000 அடி உயர நுவரெலியாவில் அது 8 மீற்றரளவுதான். நடைமுறையில் இன்னும் குறைவு. ஆழமான துளைக்கு, நீரில் மூழ்கி நின்று தள்ளும் பம்பைத் தவிர வேறு நல்ல வழி இல்லை.

பாறை வெடிப்புகள் பல ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. 2014 டிசம்பரில் பண்டாரவளைப் பக்கம் உமா ஓயாத் திட்டச் சுரங்கத்துக்குள் தண்ணீர் பீறிட்டது. மேலே ஊர்க் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீடுகளில் வெடிப்பு விழுந்தது. குழாய்க்கிணறு அவ்வளவு பெரிய காரியமில்லை என்றாலும், ஊற்றுக்கண்ணுக்கு அருகில் அடித்து நாள் முழுக்க இறைத்தால் பீலி குறையலாம். மின்கட்டணமில்லாமல் தானாக இறங்கிவரும் தண்ணீர் அது. ஊற்றுக்கு மேலே உள்ள காட்டைக் காத்து, ஊற்றுக்கண்ணைக் கட்டி, தாங்கி வைத்தும் போதாவிட்டால்தான் துளையைப் பற்றி யோசிக்கலாம் என்பது என் கட்சி.

அடித்தே ஆக வேண்டுமென்றால், மொத்த ஆழம், கேசிங் நீளம், தண்ணீர் பட்ட அடி, இரண்டு மட்டங்கள், எத்தனை மணி நேரம் இறைத்துப் பார்த்தார்கள் என்பதையெல்லாம் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.