பத்து ஆம்பியர் ஓட்டை

சென்னை ரிச்சி தெருவில் மல்டிமீட்டர் கேட்டால், கடைக்காரர் முதலில் எடுத்து வைப்பது பெரும்பாலும் டிடி-830 வகை மஞ்சள் மீட்டராகத்தான் இருக்கும். சில நூறு ரூபாய்தான் விலை. சிவப்பும் கறுப்புமாக இரண்டு ப்ரோப் கூடவே வரும். எலெக்ட்ரானிக்ஸ் பழகும் பிள்ளைகள் பலரிடம் நான் பார்ப்பதும் இதைத்தான். அதை மட்டம் தட்ட எனக்கு மனம் வராது. மேசைமேல் 5 வோல்ட், 9 வோல்ட் சர்க்யூட்டோடு புழங்குகிறவருக்கு அது நன்றாகவே உழைக்கும். அதே மீட்டரோடு ஒருவர் கார் பானெட்டைத் திறக்கும்போதுதான் எனக்குக் கவலை பிறக்கிறது.

அந்த மீட்டரில் ப்ரோப் செருக மூன்று ஓட்டைகள் உண்டு. 10 ஆம்பியர் ஓட்டையின் பக்கத்தில் ‘அன்ஃபியூஸ்டு’ என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். உள்ளே ஃபியூஸ் இல்லை. கரண்ட் அளந்துவிட்டுச் சிவப்பு ப்ரோப்பை மாற்றிச் செருகாமல், வோல்ட் பார்க்கிற நினைப்பில் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தால், நடுவில் நிற்பது ஒரு தடித்த கம்பித் துண்டு மட்டும்தான். கார் பேட்டரி வெறும் 12 வோல்ட்தானே என்று நினைக்கக் கூடாது. ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். ப்ரோப் வயரின் உறை கையிலேயே உருகிவிடும். வீட்டு 230 வோல்ட் லைனில் இது நடந்தால் ஆபத்து இன்னும் பெரிது. அதனால் யார் என்னிடம் யோசனை கேட்டாலும், 10 ஆம்பியர் ஓட்டைக்குப் பின்னால் என்ன ஃபியூஸ் இருக்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்வேன்.

கேட்டால் பின்மூடியைக் கழற்றிக் காட்டுகிற கடைக்காரர்கள் இருக்கிறார்கள். கண்ணாடிக் குழாய் ஃபியூஸில், உள்ளே கம்பி அறுந்த பிறகும் பெரிய மின்னோட்டம் தீப்பொறி வழியே தொடர்ந்து பாய இடமுண்டு. மணல் அடைத்த பீங்கான் ஃபியூஸ் அந்தப் பொறியை அங்கேயே அணைத்துவிடும். அதன் விலை அதிகம். மாற்று ஃபியூஸும் எல்லாக் கடையிலும் கிடைக்காது. ஆனாலும் அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். முகப்பில் ‘கேட் 3, 600 வோல்ட்’ என்று பாதுகாப்புத் தரத்தை அச்சடிப்பது யாருக்கும் எளிது. அந்த எழுத்துக்கு உள்ளே ஆதாரம் இருக்கிறதா என்பது மூடியைத் திறந்தால் தெரிந்துவிடும்.

திரையில் எண் எதுவரை ஏறும், 2000 கவுண்ட்டா, 6000 கவுண்ட்டா என்று பலர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். 2000 கவுண்ட் மீட்டரின் 20 வோல்ட் ரேஞ்சில் கார் பேட்டரி 12.63 என்று காட்டும். 6000 கவுண்ட் மீட்டர் 60 வோல்ட் ரேஞ்சுக்குப் போய்விடுவதால் அதுவும் 12.63 என்றுதான் காட்டும். மேசை வேலையில் வித்தியாசம் உண்டு: 5.03 என்று தெரிந்தது 5.032 என்று தெரியும். கூடுதல் பணம் கொடுக்கும் அளவுக்கு அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

வண்டி வேலையில் மீட்டரை எப்படி வைத்துப் பார்க்க வேண்டும் என்பதை எங்கள் பகுதி ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம்தான் கற்றுக்கொண்டேன். பேட்டரி புதுசு, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை என்று ஒரு கார் வந்து நின்றது. எர்த் வயரை நான் ஓம்ஸில் வைத்துப் பார்க்கப் போனேன். “ஓம்ஸ்ல தேடாதீங்கண்ணே, ஓடுறப்ப தேடுங்க” என்றார். கறுப்பு ப்ரோப்பைப் பேட்டரி மைனஸின் ஈய முனையில் அழுத்தினார். மாட்டியிருக்கும் கிளாம்ப்பில் வைக்கவில்லை. சிவப்பை எஞ்சினின் வெற்று உலோகத்தில் வைத்துக்கொண்டு, பையனைச் சாவி திருப்பச் சொன்னார். 0.2 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டியது 0.8-ஐத் தொட்டது. ஸ்டார்ட்டர் 160 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால், 0.8 வோல்ட்டைத் தின்பதற்கு 0.005 ஓம் தடை போதும். சாதாரண மீட்டர் ஓம்ஸில் காட்டுகிற கடைசி இலக்கமே 0.1 ஓம், அதில் இந்தப் பழுது சிக்கவே சிக்காது. கிளாம்ப்பைக் கழற்றி உப்புப் பொடியைச் சுரண்டி மாட்டியதும் செல்ஃப் எடுத்தது.

இதனால்தான் வண்டிக்கென்று வாங்கும் மீட்டரில், மிகக் குறைந்த அளவையும் மிக அதிக அளவையும் பதிந்துவைக்கும் மின்-மேக்ஸ் (Min/Max) பொத்தான் வேண்டும் என்கிறேன். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி வோல்ட் எவ்வளவு தாழ்கிறது என்பதைக் கண் பிடிப்பதற்குள் எண் மாறிவிடும். மீட்டர் அதைப் பிடித்து வைக்கும். 9.6-க்குக் கீழே போனால் பேட்டரிமேல் சந்தேகப்படலாம். ஸ்டார்ட்டர் கரண்ட்டை அளக்க கிளாம்ப் மீட்டர் வாங்குகிறவர்கள் அது டிசி அளக்குமா என்று கேட்டு வாங்க வேண்டும். விலை குறைந்தவற்றில் பல ஏசி கரண்ட்டை மட்டுமே அளக்கும். காரில் அதற்கு வேலை இல்லை.

கடையில் நின்றபடியே செய்யக்கூடிய சோதனை ஒன்று எனக்குப் பிடித்தமானது. மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து 9 வோல்ட் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். எண் சட்டென்று பூஜ்யத்துக்கு வந்தால் சரி. ஒரு பக்கம் தொட்டால் ஏறத்தாழ 20, திருப்பித் தொட்டால் பூஜ்யம் என்று வந்தால், டிசியைத் தடுக்கும் கெப்பாசிட்டர் உள்ளே இல்லை. ஆல்டர்நேட்டர் டயோடு போயிருக்கிறதா என்று பார்க்க, டிசியின்மேல் ஏறிவரும் சின்ன ஏசியைத்தான் அளக்க வேண்டும். அதற்கு இந்த மீட்டர் உதவாது. அடுத்து, கன்டின்யூட்டியில் வைத்து ப்ரோப் முனைகளை ஒன்றோடொன்று உரசுங்கள். தொட்டதும் பீப் வர வேண்டும். அரை நொடி தாமதித்தால்கூட, கனெக்டரில் பின் பின்னாகத் தேடுகிறவருக்கு அது பெரிய இம்சை.

கையில் காசு குறைவென்றால், மேசைக்கு மஞ்சள் மீட்டரை வாங்கி அதன் 10 ஆம்பியர் ஓட்டையை டேப் ஒட்டி மூடிவிடலாம். வண்டிக்கு, கரண்ட் ஓட்டை இரண்டுக்கும் ஃபியூஸ் உள்ள வேறொரு மீட்டரைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். எதை வாங்கினாலும் நல்ல ப்ரோப்புக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்க வேண்டும். சூடான எஞ்சின்மேல் பட்டாலும் உருகாத சிலிக்கோன் வயராக இருக்கட்டும், முனையில் மாட்ட முதலைக் கிளிப் ஒரு ஜோடியும் வேண்டும். மீட்டரில் செருகும் முனை, உலோகம் துளியும் வெளியே தெரியாமல் முழுக்க உறைக்குள் போகிறதா என்று செருகிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.